அந்தப் பந்து பின்னால்தான் போக வேண்டும்

நம் அணியின் நடுக்களத்தில் ஆடும் அந்த இளைஞனை இந்த சீசன் முழுக்க ஒரே காரணத்துக்காகத் திட்டுகிறார்கள். பந்து காலுக்கு வந்தால் முன்னால் பார்க்க மாட்டான், திரும்பி கோல்கீப்பரிடம் தட்டிவிடுவான், பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். அரங்கத்தில் ஊளைச் சத்தம் எழுகிறது, வர்ணனையாளர் பெருமூச்சு விடுகிறார், மறுநாள் நண்பர்கள் வட்டத்தில் தீர்ப்பு எழுதி முடிக்கப்படுகிறது. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. இந்த அணியில் ஆட்டம் புரிந்து ஆடுபவர்களில் முதல் ஆள் அவன்தான். அவன் பின்னால் தட்டும் ஒவ்வொரு பந்தும் மற்ற பத்துப் பேரிடமும், அவர்களை அங்கே நிறுத்திய பயிற்சியாளரிடமும், அந்தப் பயிற்சியாளரை நியமித்த நிர்வாகத்திடமும் கேட்கப்படும் ஒரு கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்கவில்லை. அடி மட்டும் கேட்டவனுக்கு விழுகிறது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு மாற்றம் கண்ணில் பட்டிருக்கும். முன்பு பல அணிகள் இடத்தைக் காத்தன. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கூட்டமாக நகரும். இன்று ஆளைக் காக்கின்றன. களம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு துரத்துகிறார்கள். எதிரணியின் கோல்கீப்பர் தன் வலையை விட்டுவிட்டு துரத்த வர முடியாது. ஆகவே நம்மைத் துரத்த அவர்களிடம் இருப்பது பத்துப் பேர். பந்து வைத்திருக்கும் நம்மிடம் பதினோரு பேர். மீதமுள்ள அந்த ஒருவர் யார்? நம் கோல்கீப்பர். களத்தில் ஆள் ஒட்டாமல் நிற்கும் ஒரே நபர் அவர்தான்.

இப்போது அந்த இளைஞனின் இடத்திலிருந்து பாருங்கள். நம் பெனால்டி பகுதிக்குச் சற்று வெளியே, சென்டர் பேக்கிடமிருந்து பந்து வருகிறது. முதுகில் ஒருவன் மூச்சு விடும் தூரத்தில் ஒட்டியிருக்கிறான். முன்னால் இருக்கும் எல்லோருக்கும் ஆள் உண்டு. பின்னால் இருக்கும் ஒருவருக்கு மட்டும் இல்லை. அங்கே திரும்பி ஓட முயன்று பந்தை இழந்தால் எதிரணிக்கு கோலுக்கு நேரான வழி. முன்னால் அடித்தால் மார்க் செய்யப்பட்டவனுக்குப் போகும் பந்து, பாதிக்குப் பாதி பறிபோகும். கணக்குத் தெரிந்தவன் பந்தைப் பின்னால்தான் தட்டுவான்.

தட்டியதோடு வேலை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. இங்கேதான் அவனை எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள். கோல்கீப்பர் பந்தைக் காலடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்கும்போது எதிரணி ஸ்ட்ரைக்கர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நம் சென்டர் பேக்கோடு ஒட்டியே நிற்பதா, கோல்கீப்பரை நோக்கி ஓடுவதா? நின்றால் கோல்கீப்பர் பந்தோடு நடந்து முன்னேறலாம். ஓடினால் சென்டர் பேக் தனியாகிவிடுவார். கெட்டிக்கார ஸ்ட்ரைக்கர் நேராக ஓடமாட்டார். வளைந்து ஓடி, சென்டர் பேக்குக்குப் போகும் பாதையைத் தன் உடலால் மறைத்தபடி வருவார். அந்த மறைப்பைத் தாண்டிப் பந்தைச் சேர்க்க மூன்றாவது ஒருவர் வேண்டும். கோல்கீப்பர் அவருக்கு அடிக்க வேண்டும், அவர் ஒரே தொடுதலில் தனியாக நிற்கும் சென்டர் பேக்கின் காலுக்குத் தள்ள வேண்டும். அந்தத் தொடுதல் நடந்த நொடியில் எதிரணியின் பாதிப் பேர் பந்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். நமக்கு முன்னால் அரைக்களம் திறந்து கிடக்கும்.

அந்த மூன்றாவது ஆள் யாராக இருக்க வேண்டும்? நம் ஸ்ட்ரைக்கர். அவர் நடுக்கோட்டைத் தாண்டி இறங்கி வந்து, கோலுக்கு முதுகு காட்டி, பந்தை வாங்கித் தள்ள வேண்டும். அவருக்குப் பாதை திறந்து வைப்பது யார் தெரியுமா? பின்னால் தட்டினான் என்று நாம் ஏசுகிற அதே இளைஞன். தட்டிய கையோடு அவன் பக்கவாட்டில் ஏழெட்டு மீட்டர் ஓடுகிறான். பந்து வேண்டும் என்று கையையும் தூக்குகிறான். அவனை மார்க் செய்பவன் பின்னாலேயே போகிறான். களத்தின் நடுவில், கோல்கீப்பரின் காலிலிருந்து நேராக ஸ்ட்ரைக்கர் இறங்க வேண்டிய இடம் வரை, ஒரு பாதை சுத்தமாகத் திறக்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம், ஊளைக்கு நடுவிலும், அவன் இதைச் செய்கிறான்.

நம் ஸ்ட்ரைக்கர் வருவதில்லை. எதிரணியின் கடைசித் தடுப்பாளரின் தோளோடு தோளாக நின்று, பின்னால் ஓட பந்து வருமா என்று காத்திருக்கிறார். அவரையும் நான் குறை சொல்லவில்லை, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். யாரும் வராததால் கோல்கீப்பர் இரண்டு நொடி தயங்கி, துரத்தி வருபவன் நெருங்கியதும் தூக்கி அடிக்கிறார். பந்து எதிரணியின் தலையில் விழுகிறது. கேமரா எங்கே போகிறது? நேராக அந்த இளைஞனின் முகத்துக்கு.

கேமராவைச் சொன்னேன், அதையும் பேசிவிடுகிறேன். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதில்லை. அரங்கங்களுக்கு வரும் கூட்டம் குறையக் கூடாது என்பதற்கான பழைய ஏற்பாடு. நாமோ குளிர்காலத்தில் இரவு எட்டரைக்கு அதே ஆட்டத்தை வீட்டிலிருந்தபடி நேரலையில் பார்க்கிறோம். பெரிய பாக்கியம்தான். ஆனால் நாம் பார்ப்பது பந்து இருக்கும் பகுதியை மட்டும். கோல்கீப்பரிடம் பந்து இருக்கும்போது களத்தின் மறுபாதி திரையில் இல்லை. ஸ்ட்ரைக்கர் இறங்கினாரா, விங்கர் உள்ளே வந்தாரா, எதிரணியின் தடுப்பு வரிசை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது, எதுவும் நமக்குத் தெரியாது. தெரிவது பந்து பின்னால் போனது ஒன்றுதான். கண்ணில் பட்ட குற்றத்துக்குக் கண்ணில் பட்டவன் குற்றவாளி ஆகிறான். அரங்கில் இருப்பவர்களின் ஊளைக்கு இந்தச் சாக்கும் கிடையாது. முழுக் களமும் அவர்கள் கண்முன் விரிந்து கிடக்கிறது.

பின்னால் தட்டுவது என்றாலே நேரத்தைக் கொல்வது என்ற எண்ணம் ஒரு காலத்தில் நியாயமானதாக இருந்தது. 1990 இத்தாலி உலகக் கோப்பையை நினைவிருப்பவர்களுக்கு அது புரியும். 52 ஆட்டங்களில் 115 கோல், ஆட்டத்துக்குச் சராசரி 2.21. உலகக் கோப்பை வரலாற்றில் இன்றுவரை அதுதான் மிகக் குறைவு. முன்னிலை பெற்ற அணி பந்தை கோல்கீப்பரிடம் தட்டும், அவர் கையில் எடுத்து அணைத்துக்கொள்வார், மறுபடி உருட்டுவார். பொறுக்க முடியாமல்தான் 1992-ல் விதி மாறியது. சக வீரர் வேண்டுமென்றே காலால் தட்டிய பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. அன்றிலிருந்து கோல்கீப்பர் காலால் ஆடக் கற்றுக்கொண்டார். 2019-ல் இன்னொரு மாற்றம் வந்தது. கோல் கிக் அடித்தால் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டிய பிறகுதான் சக வீரர் தொடலாம் என்ற கட்டாயம் போயிற்று. வலைக்கு ஆறு மீட்டரில் இரண்டு சென்டர் பேக்குகளை நிறுத்தி, எதிரணியை வா வா என்று அழைக்கும் ஆட்டம் அதற்குப் பிறகு பரவியது. அழைப்பது எதற்காக? அவர்கள் மேலே ஏறி வந்தால் அவர்களுக்குப் பின்னால் இடம் பிறக்கும் என்பதற்காக. பின்னால் போகும் பாஸ் முன்னால் இடம் வாங்கும் விலை. முப்பது ஆண்டுகளில் விதி இரண்டு முறை இந்தத் திசையில் மாறியும், ஊளையிடும் பழக்கம் மட்டும் 1990-லேயே நிற்கிறது.

அந்த இளைஞன் பயந்து தட்டுகிறானா, பார்த்துத் தட்டுகிறானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பந்து அவனை நோக்கி வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவன் தலையைப் பாருங்கள். பயந்தவன் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இவன் இடது தோளுக்கு மேல் ஒரு முறை, வலது தோளுக்கு மேல் ஒரு முறை, பந்து பாதி தூரம் வந்தபின் மறுபடி ஒரு முறை என்று பார்க்கிறான். நார்வேயைச் சேர்ந்த விளையாட்டு உளவியல் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இந்தத் தலைத் திருப்பலை ஆராய்ந்து வருபவர். பிரீமியர் லீக் வீரர்களை வைத்து அவரும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, பந்து வருமுன் அதிகம் சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள், குறிப்பாக முன்னோக்கிய பாஸ்கள், கூடுதலாக இலக்கைச் சேர்கின்றன என்று காட்டியது. நம் இளைஞன் அந்த ரகம். அவன் பார்த்துவிட்டான். முன்னால் யாரும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டான். அதனால்தான் தட்டுகிறான்.

ஒரே ஒரு முறை அவன் பார்த்தபோது ஆள் இருந்தார். கோப்பைப் போட்டியின் ஆரம்பச் சுற்று ஒன்றில் முதல்நிலை ஸ்ட்ரைக்கருக்கு ஓய்வு கொடுத்து, மாற்று வரிசையிலிருந்து ஒருவரை முன்னால் நிறுத்தினார்கள். வேகம் குறைவானவர், தோள் அகலமானவர். முதல் இருபது நிமிடத்துக்குள் மூன்று முறை கீழே இறங்கி வந்தார். மூன்று முறையும் பந்து கோல்கீப்பரிடமிருந்து அவர் காலுக்கு, அவர் காலிலிருந்து நம் இளைஞனுக்கு, அவனிடமிருந்து ஓடிக்கொண்டிருந்த விங்கரின் முன்னால். அதே பையன், அதே பின்பாஸ், யாரும் ஊளையிடவில்லை. அதை எதிரணி பலவீனமானது என்று சொல்லி ஒதுக்கினார்கள். அடுத்த லீக் ஆட்டத்தில் அந்த மாற்று வீரர் மறுபடி பெஞ்சில். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இனி பயிற்சியாளர். அவர் கெட்டவர் அல்ல, உழைக்காதவரும் அல்ல. அவர் இந்த ஆட்டமுறையின் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொடுக்கிறார். கோல் கிக்குக்கு எப்படி நிற்பது, முதல் பாஸ் யாருக்கு, இரண்டாவது பாஸ் யாருக்கு என்பதெல்லாம் அழகாக ஒத்திகை பார்த்தது தெரிகிறது. மூன்றாவது பாஸ் வரும்போது ஒத்திகை முடிந்துவிடுகிறது. ஃபுல் பேக்குகள் பக்கக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், விங்கர்கள் அவர்களுக்கு நேர் முன்னால் அதே கோட்டில் நிற்கிறார்கள், நடுவில் ஒருவன் தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சரி, இது கைகூடவில்லை என்றால் நேர்மையாக நீளப் பந்து ஆடலாம். அதிலும் அவமானம் ஒன்றுமில்லை. நீளப் பந்து ஆடும் அணி தன் வரிசைகளைச் சுருக்கி வைத்திருக்கும், தலையில் பட்டுச் சிதறும் பந்தைப் பொறுக்க மூன்று பேர் பக்கத்திலேயே இருப்பார்கள். நாமோ குட்டைப் பாஸுக்கு விரிந்து நின்றுகொண்டு நீளப் பந்து அடிக்கிறோம். சிதறும் பந்து எல்லாம் அவர்களுக்கே.

ஒரு கோல் வாங்கியதும் என்ன நடக்கிறது? பயிற்சியாளர் கோட்டருகே வந்து முன்னால், முன்னால் என்று கையை வீசுகிறார். அறுபதாவது நிமிடத்தில் முதலில் வெளியே வருவது அந்த இளைஞன். அவன் வெளியேறும்போது கைத்தட்டல் எழுகிறதே, அதைக் கேட்கச் சகிக்கவில்லை. ஐந்து மாற்று வீரர்களை இறக்க விதி இடம் கொடுக்கிறது. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்துக்கான தற்காலிக ஏற்பாடாக வந்தது, பிரீமியர் லீக்கில் 2022-23 முதல் நிரந்தரம். ஐந்து பேரை வைத்து ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றலாம். நம்மவர் ஓட்டக்காரனை எடுத்து இன்னொரு ஓட்டக்காரனை இறக்குகிறார். இறங்கி வாங்கத் தெரிந்த அந்த மாற்று வீரர் மேலாடையைக்கூடக் கழற்றாமல் வீடு போகிறார்.

ஸ்ட்ரைக்கரைக் குறை சொல்லவில்லை என்றேனே, காரணம் இதுதான். அவரை வாங்கியது முந்தைய பயிற்சியாளரின் ஆட்டத்துக்காக. அவர் காலத்தில் அணி பின்வாங்கி நின்று, பந்து கிடைத்ததும் நீளமாக அடித்து ஓடும். அதற்கு இந்த ஸ்ட்ரைக்கர் பொருத்தமானவர். ஃபுல் பேக்குகள் அந்தப் பயிற்சியாளருக்கும் முந்தையவருக்காக வந்தவர்கள், கோட்டோரம் ஏறி கிராஸ் அடிக்கத் தெரிந்தவர்கள். கோல்கீப்பரும் சென்டர் பேக்குகளும் மட்டும் இப்போதைய முறைக்காக வாங்கப்பட்டவர்கள். மூன்று கொத்தனார்கள் ஆளுக்கொரு வரைபடம் வைத்துக்கொண்டு கட்டிய வீடு இது. படி ஏறினால் கதவு இல்லை, கதவைத் திறந்தால் தரை இல்லை. பயிற்சியாளரை மாற்றலாம். எந்த மாதிரி ஆடப்போகிறோம் என்று கிளப்புக்கு ஒரு முடிவு இருந்து, அதற்கேற்ற பயிற்சியாளரைத் தேட வேண்டும். இங்கே வேலை தேடி வருபவர் தன் முறையைக் கொண்டுவருகிறார், போகும்போது அதற்காக வாங்கியவர்களை விட்டுச்செல்கிறார். இதைக் கட்டுப்படுத்தத்தானே விளையாட்டு இயக்குநர் என்று ஒரு பதவி?

அந்த இளைஞன் மட்டும் எந்தப் பயிற்சியாளருக்காகவும் வாங்கப்பட்டவன் அல்ல. கிளப்பின் அகாடமியில் சிறுவனாக வந்து வளர்ந்தவன். என் அச்சம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஏன் என்று புரியும்.

ஒரு வீரரை 5 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்தச் செலவு ஆண்டுக்கு 1 கோடியாகப் பிரித்து எழுதப்படும். விற்கும்போது எழுதப்படாமல் மீதமுள்ள தொகையைக் கழித்தால்தான் லாபம் தெரியும். அகாடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. 3 கோடிக்கு விற்றால் 3 கோடியும் அந்த ஆண்டே லாபமாக ஏறிவிடும். மூன்று ஆண்டுகளில் மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற லாப விதிக்கு பதில் சொல்ல கிளப்புகள் ஓடியதெல்லாம் இந்த வழியில்தான். 2026-27 முதல் அணிச் செலவை வருமானத்தின் 85 சதவீதத்துக்குள் வைக்கும் புது முறை வருகிறது. வீரர்களை விற்ற லாபமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், வீட்டுப் பிள்ளையை விற்கும் ஆசை இதிலும் குறையாது. பெரும்பாலான கிளப்புகளின் கணக்காண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அந்தத் தேதிக்கு முந்தைய வாரத்தில் யார் விற்கப்படுகிறார்கள் என்று கவனித்தால் வீரர்களின் ஆட்டத்தைவிட கணக்காளர்களின் ஆட்டம் நன்றாகத் தெரியும்.

ரசிகர்களின் ஊளை நிர்வாகத்துக்கு எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள். அகாடமிப் பிள்ளையை விற்றால் பொதுவாக அரங்கமே கொதிக்கும், பதாகைகள் எழும். இவனை விற்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டிய நாமே அவனை வழியனுப்பத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்றாவது பாஸ் எங்கே என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். எந்த முறைக்கு ஆள் வாங்குகிறீர்கள் என்று இயக்குநரைக் கேளுங்கள்.

இனி நடக்கப்போவதை என் கணக்கில் சொல்கிறேன். ஜூன் 30-க்குள் அவன் விற்கப்படுவான். நமக்கு மேலே முடிக்கும் ஒரு கிளப்தான் வாங்கும், ஏனென்றால் கோல்கீப்பரை பதினோராவது ஆளாக எண்ணத் தெரிந்தவர்களுக்குத்தான் அவன் அருமை தெரியும். அங்கே இறங்கி வந்து வாங்கும் ஸ்ட்ரைக்கர் இருப்பார். கிறிஸ்துமஸுக்குள் அதே வர்ணனையாளர்கள் அவன் நிதானத்தைப் பாராட்டுவார்கள், அதே பின்பாஸ்களைக் காட்டி. நம் பயிற்சியாளர் நவம்பர் மாத சர்வதேச இடைவேளையைத் தாண்டமாட்டார்.

லீக் எந்தப் பக்கம் போகும் என்பதிலும் எனக்கு ஒரு கணிப்பு உண்டு. 2025-26 முதல் கோல்கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். காலடியில் வைத்திருக்க நேர வரம்பு இல்லை. களத்தில் நேரம் தாராளமாகக் கிடைக்கும் ஒரே இடம் இனி கோல்கீப்பரின் பாதம். ஆகவே பின்பாஸ் குறையாது, கூடும். ஆளுக்கு ஆள் துரத்தும் அணிகள் அதில் களைத்து, இரண்டு சீசனுக்குள் பாதிப் பேர் மறுபடி இடத்தைக் காக்கும் முறைக்குத் திரும்புவார்கள். திரும்பாத மீதிப் பேரை உடைக்க எல்லா கிளப்பும் ஒரே வகை ஆளைத் தேடும். கோலுக்கு முதுகு காட்டி, முப்பத்தைந்து மீட்டர் தூரத்துப் பந்தை மார்பிலோ காலிலோ அடக்கி, ஒரே தொடுதலில் தள்ளத் தெரிந்த ஸ்ட்ரைக்கர். அந்த வகையின் விலை அடுத்த கோடையில் ஏறும், அதற்கடுத்த கோடையில் தொட முடியாத உயரத்துக்குப் போகும். அப்படி ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு நம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் அவரை முன்னால் நிறுத்துங்கள். நிறுத்தமாட்டார்கள். இந்தக் கோடையிலும் வேகமாக ஓடும் இன்னொருவனைத்தான் வாங்கிக் கொண்டுவருவார்கள்.